முரட்டுக்கல் கோபுரச் சுவர்: முதலில் படிப்பு, பிறகு பதிவு, கடைசியில்தான் சுண்ணாம்பு

இங்கிலாந்தில் ஹம்பர் ஆற்றின் தென்கரையில் பார்ட்டன் என்ற ஊர். அங்குள்ள புனித பேதுரு ஆலயக் கோபுரம் ஒரே காலத்தில் எழுந்ததல்ல என்பது கீழே நின்று பார்த்தாலே தெரியும். கீழ் இரண்டு தட்டுகளில் முரட்டுக்கல் சுவர்மேல் செதுக்கிய கற்பட்டைகள் ஓடுகின்றன. முதல் வரிசை அரைவட்ட வளைவுகள், அதற்கு மேல் வரிசை முக்கோண முனைகள். மூன்றாம் தட்டில் பட்டைகள் இல்லை. 1819-இல் கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன் இந்தக் கோபுரத்தை வைத்தே தன் வாதத்தைக் கட்டினார். மேல்தட்டின் பாணி நார்மன் காலத்தை ஒட்டியது, அதைத் தாங்கி நிற்கும் கீழ்ப்பகுதி அதைவிட மூத்ததாகத்தான் இருக்க முடியும், ஆகவே அது நார்மன் படையெடுப்பு நடந்த 1066-க்கு முந்திய ஆங்கிலோ-சாக்சன் வேலை என்றார். இன்றைய கணிப்பில் கீழ்த்தட்டுகள் 10-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மேல்தட்டு 11-ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே பின்னால் ஏற்றியது.

எது எதன்மேல் நிற்கிறது, எது எதை வெட்டுகிறது, எது எதை ஒட்டி வந்து முடிகிறது: பங்கு (parish) ஆலயச் சுவர்களைப் படிக்க இந்த மூன்று கேள்விகள் போதும். ஆனால் பார்ட்டன் போலப் பாணி காட்டிக்கொடுக்கும் இடம் ஒரு சுவரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மிச்சமெல்லாம் வெறும் கல்லும் காரையும். அங்கே காலத்தைச் சொல்வது கற்களுக்கு நடுவே உள்ள சந்து மட்டுமே. பழுதுபார்ப்பு என்று வந்ததும் முதலில் உளி இறங்குவதும் அதே சந்தில்தான். அதனால்தான் இங்கே பதிவு வேலைக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கீழே சொல்லும் முறை முரட்டுக்கல் கட்டாலான மேற்குக் கோபுரத்துக்கானது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயமானால் மறைமாவட்டத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு சந்தைக்கூடத் தொடக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் செய்யும் கட்டாய ஆய்வறிக்கை பெரும்பாலும் கைவசம் இருக்கும். எந்தச் சுவரில் என்ன பழுது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வௌவால் ஆய்வும் முன்னதாகவே முடிய வேண்டும். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அவை தங்கும் பொந்தை அடைப்பது குற்றம். கோபுரச் சந்துகளில் அவை தங்குவது சாதாரணம்.

உளிக்கு முன்னால்

சாரம் கட்டியதும் முதல் வேலை மட்டக்கோடு. லேசர் மட்டம் நல்லது. டியூப் லெவலும் போதும், குழாய்க்குள் காற்றுக்குமிழி நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி. தரையையோ கல் வரிசையையோ மட்டமாக நம்பக் கூடாது, அவை ஒருபோதும் மட்டமாக இருப்பதில்லை. மூலைகளில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை எழுதிக்கொள்கிறோம். உயரத்தில் காற்று நூலை ஆட்டும். குண்டைத் தண்ணீர் வாளிக்குள் முங்கவிட்டால் ஆட்டம் அடங்கும். சுவர் சாய்ந்திருக்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா, மேல்தட்டு வேறு கோணத்தில் ஏறுகிறதா என்பதெல்லாம் இந்த எண்களில் வந்துவிடும். கோணம் சட்டென்று மாறும் உயரம் பெரும்பாலும் கட்டுமானக் கட்டம் மாறும் உயரமே.

தரைப்படம் 1:50, முகப்புப்படம் 1:20. அறையின் நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். மூலைவிட்டம் எடுக்காமல் வரைந்தால் எல்லா அறையும் சதுரமாகவே வரும், இடைக்கால அறையோ அப்படி இருப்பதில்லை. சுவர்க் கனத்தை ஒவ்வொரு கதவிலும் சன்னலிலும் தனித்தனியாக எடுக்கிறோம். ஒரே சுவரில் 15 செ.மீ. வித்தியாசம் வந்தால் அங்கே ஏதோ இடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வளைவு நெளிவாகச் செதுக்கிய கற்களின் விளிம்பை, அழுத்தினால் அதன் வடிவை ஏற்கும் ஊசிச் சீப்பு வைத்து 1:1 அளவில் பதிகிறோம்.

புகைப்படங்களில் ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். முப்பரிமாணப் படம் செய்வதானால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 60 முதல் 80 சதவீதம் மேற்படிவு தேவை. அதற்கு மேகமூட்டமான பகல் உகந்தது. உளித்தடம் பார்க்க அது உதவாது, சுவரோடு ஒட்டிய சாய்வு வெளிச்சம் வேண்டும். வடக்குச் சுவரில் நேர் வெயில் அநேகமாக விழாததால், இருட்டியபின் விளக்கை ஓரத்தில் வைத்து எடுக்கிறோம். சரிவான நீண்ட கோடாரித் தடங்கள் நார்மன் கால வேலையின் அடையாளம். பல்லுளித் தடம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வரத் தொடங்குகிறது. 1174 தீ விபத்துக்குப் பின் கேன்டர்பரி பேராலயத்தைத் திரும்பக் கட்டியதை விவரித்த துறவி ஜெர்வாஸ், பழைய வேலை கோடாரியால் செய்தது, புதியது உளியால் செய்தது என்று அந்தக் காலத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது சுவரைப் பிரித்துப் படிப்பது. மேலிருந்து கீழாக ஓடும் நேர்ச்சந்து, அடைத்த சன்னலின் விளிம்பு, பழைய கூரை மோதிய சாய்வுத் தடம், சாரக்கட்டை செருகிய சாரக்குழிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, முன்பின் உறவைத் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் வகுத்த, கட்டங்களைக் கோடுகளால் இணைக்கும் வரைபட முறையில் (Harris matrix) வரைகிறோம். சாரக்குழிகளைப் பலர் வெறும் ஓட்டை என்று விட்டுவிடுகிறார்கள். அவை ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசையாக ஏறும். ஒரு நேர்ச்சந்தின் இரு பக்கத்திலும் வரிசைகள் ஒரே மட்டத்தில் ஓடினால் ஒரே சாரம், ஒரே வேலை. ஓடாவிட்டால் இரண்டு சாரம், இரண்டு காலம். எந்தப் பாணி அடையாளமும் இல்லாத சுவரில் இதைவிட நம்பகமான சான்று அரிது.

தவறாகப் படிப்பதற்கு வாய்ப்புள்ள இடங்கள் மூன்று. முதலாவது, கிடைமட்டமான காரை மாற்றம். சுண்ணாம்பு வேலை குளிர்காலத்தில் நடக்காது. அன்றைய கொத்தர்கள் சுவர்த்தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவிட்டு அடுத்த வசந்தத்தில் தொடர்ந்தார்கள். ஆகவே கிடைக்கோடு ஒரு நூற்றாண்டு இடைவெளியாகவும் இருக்கலாம், ஒரு குளிர்கால இடைவெளியாகவும் இருக்கலாம். மணல் மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது, பொருளின் வயதைச் சுவரின் வயதாக எடுத்துக்கொள்வது. பிரிக்ஸ்வொர்த் ஆலய வளைவுகளில் ரோமானியர் காலச் செங்கல் இருக்கிறது, வளைவோ சாக்சன் காலத்தது. மூன்றாவது, பலிபீடம் இருக்கும் பீடப்பகுதியும் மக்கள் கூடும் நடுக்கூடமும் ஒரே பாணியில் இல்லாததைப் பெரிய வரலாற்றுத் திருப்பமாக எடுத்துக்கொள்வது. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் நிலைத்த வழக்கப்படி நடுக்கூடத்தைப் பராமரிப்பது பங்கு மக்களின் கடமை, பீடப்பகுதி பங்கின் வருமானத்தைப் பெறும் குருவின் கடமை. பணப்பை வேறு, ஆகவே கட்டிய காலமும் வேறு. அந்தப் பிளவு சரியாகப் பீட வளைவில் வந்து நிற்கும்.

பார்ட்டனில் சுவரைப் படித்ததில் வந்த கேள்விக்குத் தரை பதில் சொன்னது. 1978 முதல் 1984 வரை தொல்லியலாளர் வார்விக் ராட்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில், கோபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய பீட அறையின் அடித்தளம் இன்றைய நடுக்கூடத் தரைக்குக் கீழே வெளிப்பட்டது. அதாவது தொடக்கத்தில் கோபுரத்தின் கீழ் அறைதான் நடுக்கூடம். மேற்கே திருமுழுக்கு அறை, கிழக்கே பீட அறை. பின்னால் பீட அறையை இடித்துப் பெரிய நடுக்கூடம் கட்டியபோதுதான் ஆலயமாக இருந்த கோபுரம் ஆலயத்தின் மேற்குக் கோபுரம் ஆயிற்று.

காரை மாதிரி

ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும். மேற்பரப்பில் இருப்பது பின்னால் வந்த பூச்சாக இருக்கலாம். குறைந்தது 5 செ.மீ. உள்ளே போய், உளியால் கட்டியாக 50 கிராம் எடுத்து, உறையில் சுவர் எண்ணும் உயரமும் எழுதி, எடுத்த இடத்தைப் படத்தில் குறிக்கிறோம். முதலில் கைக்கண்ணாடியில் பார்ப்பது. வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் நிறைய இருந்தால், சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்தே நீற்றியிருக்கிறார்கள். கரித்துணுக்கு இருந்தால் அது விறகுச் சூளையிலிருந்து வந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தால் கார்பன் காலக்கணிப்புக்குப் பயன்படும், ஆனால் மூத்த மரத்தின் உட்கட்டை எரிந்திருந்தால் கணிப்பு உண்மையைவிடப் பழையதாக வரும்.

மரத்திலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. எசெக்ஸில் கிரீன்ஸ்டெட் ஆலயத்தின் ஓக் மரச்சுவரில் கடைசியாகக் கிடைத்த ஆண்டு வளையம் 1053-ஆம் ஆண்டுக்குரியது. ஆனால் வெளிப்புற வெண்மரம் தேய்ந்து போயிருந்தது. ஆங்கிலேய ஓக் மரத்தில் அந்தப் பகுதிக்கு 10 முதல் 55 வளையம் வரை இருக்கலாம் என்பதால், மரம் வெட்டிய காலம் 1063-க்கும் 1108-க்கும் நடுவே என்றுதான் சொல்ல முடிகிறது.

மாதிரியை உலர்த்தி, மணல் உடையாதபடி மெதுவாக நொறுக்கி, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறோம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். மிஞ்சும் மணலை வடித்துக் கழுவி உலர்த்தி நிறுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 50 கிராமில் 38 கிராம் மணல் மிஞ்சினால் கரைந்தது 12 கிராம் கால்சியம் கார்பனேட். அதை 0.74-ஆல் பெருக்கினால் 8.9 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. கொள்ளளவுக்கு மாற்ற, உலர்ந்த சுண்ணாம்புத்தூளின் அடர்த்தி 0.55 என்றும் மணலுடையது 1.55 என்றும் வைத்தால், 16 பங்குக்கு 24.5 பங்கு, சுமார் 1:1.5. இவ்வளவு சுண்ணாம்பு மிகுந்த காரை இடைக்காலச் சுவர்களில் சாதாரணம். சுட்ட சுண்ணாம்பு நீறும்போது அநேகமாக இரண்டு மடங்காகப் பொங்கும். அவர்கள் கொட்டியது ஒன்றுக்கு மூன்று, சுவரில் ஏறியது ஒன்றுக்கு ஒன்றரை.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. மணலில் சாக் (chalk) கல், சுண்ணக்கல் துகள், கிளிஞ்சல் இருந்தால் அவையும் அமிலத்தில் கரைந்துவிடும், சுண்ணாம்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அதனால் கைக்கண்ணாடி பார்க்காமல் அமிலத்துக்குப் போகக் கூடாது. மிஞ்சிய மணலைச் சல்லடைகளில் பிரித்து, நிறத்தையும் பருமனையும் குறித்து, அருகிலுள்ள குழிமணலோடு ஒப்பிடுகிறோம். கட்டங்களைப் பிரிப்பதில் சுண்ணாம்பு விகிதத்தைவிட மணலே நல்ல சாட்சி.

சிமென்ட்டை எடுப்பது

போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல். ஆகவே இடைக்காலச் சுவரில் சிமென்ட் எங்கே இருந்தாலும் அது பிற்காலப் பழுதுவேலை. அது செய்யும் சேதம் சுவரிலேயே தெரியும்: கல் முகம் உள்வாங்கி, சிமென்ட் சந்து மட்டும் வலைபோல் வெளியே துருத்தி நிற்கும். சுவருக்குள் போன ஈரம் சந்து வழியாக உலர வேண்டும். சந்தைச் சிமென்ட் அடைத்துவிட்டால் ஈரம் கல் வழியே வெளியேறும், உப்பு கல்லின் முகத்திலேயே படியும், உறைபனியும் அங்கேயே வெடிக்கும். பட்டையாகத் துருத்திப் பூசிய சிமென்ட் இன்னும் மோசம், மழைநீர் அதன் மேல்விளிம்பில் தேங்கிக் கல்லுக்குள் இறங்குகிறது.

எடுக்கும் கருவிகள் ஒரு கிலோவுக்கு மிகாத சுத்தியலும் மெல்லிய தட்டை உளியும்தான். உளி சந்தின் அகலத்தைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். ஆங்கிள் கிரைண்டர் சாரத்தின்மேலேயே ஏறக் கூடாது. முரட்டுக்கல் சந்து நேராக ஓடாது, வட்டு நேராகத்தான் ஓடும். செங்குத்துச் சந்துகளில் அது மேலும் கீழும் கல்லை வெட்டிவிடும், அந்த வெட்டு சுவர் உள்ளவரை இருக்கும். முதலில் சிமென்ட்டின் நடுவில் குத்தி உடைத்து, பிறகு ஓரத்தைக் கல்லிலிருந்து உள்நோக்கித் தட்டி எடுக்க வேண்டும். தட்டிப் பார்த்துச் சிமென்ட் கல்லோடு விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே எங்கள் முடிவு. கல் முனை போவதைவிடச் சிமென்ட் இன்னும் முப்பது ஆண்டு இருந்துவிட்டுப் போகட்டும், அதுவே தளர்ந்து வரும்.

உறுதியாக இருக்கும் பழைய சுண்ணாம்புக் காரையை எடுக்கவே கூடாது, பார்வைக்கு ஒரே சீராக இல்லை என்பது அதற்குக் காரணமாகாது. தளர்ந்ததை மட்டும், சந்து அகலத்தின் இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ. எடுக்கிறோம். எடுத்தபின் ஒருமுறை மறுபடி புகைப்படம்: மேற்பூச்சு போனதும் அடைத்த சன்னலின் விளிம்போ, பழைய கூரைத் தடமோ புதிதாகத் தெரியவரும், அப்போதுதான் முகப்புப்படத்தைத் திருத்தி முடிக்க முடியும்.

சுவரைத் தட்டும்போது பொள்ளென்று ஒலித்தால் உள்ளீடு கரைந்திருக்கிறது. இடைக்காலச் சுவர் இரண்டு கல்முகங்களும் நடுவே கல்லும் காரையும் கொட்டிய உள்ளீடும் கொண்டது. அங்கே சுண்ணாம்புக் குழம்பைக் கீழிருந்து மேலாக, அழுத்தமில்லாமல், சிறு சிறு உயரமாக விட வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் குழம்பின் எடையே முகச்சுவரை வெளியே தள்ளும்.

கலவை

வெளிச்சுவருக்கு இரண்டு வழி. ஒன்று, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு என்.எச்.எல். 3.5, மணல் 1:2.5 அல்லது 1:3. அந்த 3.5 என்பது 28 நாளில் எட்ட வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமை, மெகாபாஸ்கல் கணக்கில். மென்மையான கல்லுக்கு என்.எச்.எல். 2 போதும். வலிமை கூடினால் நல்லது என்ற எண்ணம் இங்கே தவறு. சந்து எப்போதும் கல்லைவிட மெலிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மாதிரியில் கண்டதுபோல் சூட்டுக் கலவை. ஈரமணல் மூன்று பங்கைப் பாத்திபோல் விரித்து, நடுவே சுட்ட சுண்ணாம்புத்தூள் ஒரு பங்கு வைத்து, தண்ணீர் தெளித்து மணலால் மூடிவிட வேண்டும். சூடு 100 டிகிரியைத் தாண்டும், ஆவி பீறிடும். முகக்கவசமும், கண் கழுவும் தண்ணீரும் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் தொடங்கக் கூடாது. அடங்கியபின் புரட்டிச் சலித்து, சந்துப் பூச்சுக்கானதை இரவு முழுதும் வைத்துவிட்டே எடுக்கிறோம். நீறாத துகள் சந்துக்குள் போனால் பிறகு அங்கேயே நீறிப் பொங்கி, பூச்சைக் குழிகுழியாகத் தெறிக்கவிடும். கடுக்காய், கருப்பட்டி ஊறல் சேர்த்தால் என்ன என்று நம்மூர்க் காரை வேலை அறிந்தவர்கள் கேட்பார்கள். இந்தச் சுவரின் மாதிரியில் இல்லாத எதையும் சேர்ப்பதில்லை என்பதே பதில்.

மணல் சுரசுரப்பாக, பருமன் கலந்து இருக்க வேண்டும். ஒரு லிட்டர் உலர்மணலில் அதன் முகப்புவரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் நல்ல மணல் சுமார் 330 மில்லி குடிக்கும். அந்த வெற்றிடத்தைச் சுண்ணாம்பு நிரப்புவதால்தான் 1:3. அளவை மம்பட்டியில் எடுக்காமல் பெட்டியில் எடுக்க வேண்டும், சுண்ணாம்புத்தூள் உப்பி நிற்பதால் மம்பட்டிக்கு மம்பட்டி அளவு மாறும். சுவர்ப்பரப்பில் கால்பங்கு சந்து, 40 மி.மீ. ஆழம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் கலவை. சேதாரத்தோடு 12 முதல் 13 லிட்டர். பிடித்தால் உருண்டையாக நின்று, கையில் ஒட்டாத பதம்தான் சரி. கலவை இறுகிவிட்டது என்று தண்ணீர் சேர்ப்பதைவிட, அதையே இன்னும் நன்றாக மிதித்து இடிப்பது மேல். தண்ணீர் கூடினால் சுருக்கம் கூடும்.

பூசுவதும் காப்பதும்

முதல் நாள் மாலையே சுவரை நனைத்து, பூசுவதற்கு முன் மறுபடி தெளிக்க வேண்டும். சந்துக்குள் தூசி இருந்தால் ஒட்டாது, ஈரம் தேங்கி நின்றாலும் ஒட்டாது. கலவையைச் சந்துக்குச் சரியான அகலமுள்ள இரும்புக்கோலால் உள்ளே குத்தி இறுக்குகிறோம். ஒரு படலம் 20 மி.மீ. தாண்டக் கூடாது, ஆழமான சந்துக்கு இரண்டு மூன்று படலம், முந்தையது இறுகியபின் அடுத்தது. அகலமான சந்தில் அதே வகைக் கற்சில்லுகளைச் செருகினால் சுருக்கம் குறையும். பூச்சு கல் முகத்தின்மேல் ஏறவே கூடாது. கல்முனை தேய்ந்து உருண்டிருந்தால் பூச்சைச் சற்று உள்ளே நிறுத்த வேண்டும். விளிம்புவரை இழுத்தால் ஓரம் மெலிந்து பெயர்ந்துவிடும்.

கரணையால் தேய்த்து மினுக்குவது கெடுதல். கட்டைவிரல் அழுத்தினால் தடம் விழாத பதம் வரும்போது, பெரும்பாலும் மறுநாள், விறைப்பான தூரிகையை நேராகக் குத்தி அடிக்கிறோம். மேலே மிதந்த சுண்ணாம்புப் பாலாடை போய் மணல் முகம் தெரியும். அந்த முகம்தான் மூச்சுவிடும், நுண்விரிசல்களும் அந்த அடியில் மூடிக்கொள்ளும். சீக்கிரம் அடித்தால் கலவை தூரிகையோடு வரும், தாமதித்தால் கீறல் மட்டும் விழும்.

பிறகு நனைத்த சணல் சாக்கைத் தொங்கவிட்டு, வெளியே பிளாஸ்டிக் தாள். குறைந்தது ஏழு நாள், காற்று அதிகமுள்ள கோபுர உயரத்தில் இன்னும் கூடுதலாக, நாளுக்குச் சில தடவை தெளிப்பு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக் கல்லாவதற்கு ஈரம் வேண்டும். வேகமாக உலர்ந்தால் விரலால் உதிர்க்கும் மாவாக நின்றுவிடும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் பூசக் கூடாது. சூட்டுக் கலவையானால் ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டோடு நிறுத்திக்கொள்கிறோம், முதல் உறைபனிக்கு முன் அதற்குச் சில மாதமாவது வேண்டும்.

கோளாறுகளைத் தோற்றத்திலேயே இனம் காணலாம். நடுச்சந்தில் விரிசல் என்றால் தண்ணீர் கூடியது அல்லது படலம் தடித்தது. கல்லோரத்தில் பிரிந்தால் தூசி, அல்லது கல் காய்ந்திருந்தது. கீழ்நோக்கி வெள்ளைக் கோடு வழிந்தால் இறுகுமுன் மழை பட்டிருக்கிறது. தகடு தகடாகப் பெயர்ந்தால் பனி.

மூன்று மாதம் கழித்து ஒரு சந்தில் சின்னத் துளையிட்டு ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்கிறோம். நிறம் மாறாத ஆழம்வரை சுண்ணாம்பு கல்லாகிவிட்டது, இளஞ்சிவப்பு இன்னும் ஆகாத பகுதி. என்.எச்.எல். கலவையில் இந்த ஆழத்தை மட்டும் வைத்து வலிமையைக் கணிக்கக் கூடாது, அதன் ஒரு பங்கு தண்ணீரிலேயே இறுகியிருக்கும். முதல் குளிர்காலம் கழிந்த வசந்தத்தில் சாரம் இல்லாமல் தொலைநோக்கியால் முழுச் சுவரையும் ஒருமுறை பார்க்கிறோம். பெயர்ந்த இடங்களை முகப்புப்படத்தில் குறித்து, மணல் எடுத்த குழியின் பெயர், சுண்ணாம்பின் வகை, விகிதம், பூசிய மாதம் ஆகியவற்றை அதே தாளின் ஓரத்தில் எழுதுகிறோம். மிஞ்சிய காரை மாதிரி உறைகளும் படங்களும் ஒரு பிரதி ஆலயத்துக்கும் ஒரு பிரதி மாவட்ட வரலாற்றுப் பதிவகத்துக்கும் போகின்றன.